வேலை இழந்தோர் சொல்ல வேண்டிய சொல்
(வெள்ளிவிழா இளைஞர் அரங்கில் நிகழ்த்திய உரை)

 

வெள்ளிவிழா என்றால் வெற்றிகளை எண்ணிப் பார்ப்பது வழக்கம். பள்ளிப் படிப்பை முடித்தவர் எத்தனை பேர், பட்டம் பெற்றவர் எத்தனை பேர், அரசுப் பணியில் அமர்ந்தவர் எத்தனை பேர் என்று இம்மேடையில் பலர் பெருமையோடு எடுத்துரைத்தார்கள். அப்பெருமையில் எங்களுக்கும் பங்கு உண்டு. எனினும் எண்ணப்படாத கணக்கு ஒன்றும் இருக்கிறது. படித்து, வேலைக்குச் சென்று, அந்த வேலையைத் தம் குற்றம் ஏதுமின்றி இழந்து, அபிஷேகப்பாக்கத்துக்குத் திரும்பி வந்து, தெருவில் நடக்கவும் கூசிக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளின் கணக்கு அது. அவர்களுக்காகவே இன்று சில சொற்கள் சொல்ல விரும்புகிறோம்.

அவர்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றே. "அடுத்த இடத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போகிறேன். முந்தைய வேலையிலிருந்து ஏன் வந்தாய் என்று கேட்பார்கள். என்ன சொல்வது?" என்பதே அது. கேட்பதற்கு எளிய கேள்வி. ஆனால் இதற்கு விடை தெரியாமல் நல்ல தொழில் தெரிந்த பிள்ளைகள் பலர் வாசலோடு திரும்பி வந்திருக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் தம்பி ஒருவர் எங்களிடம் வந்தார். டிப்ளமா படித்தவர். ஒரு தொழிற்சாலையில் மூன்றாண்டுகள் எந்திரப் பிரிவில் பணி செய்தவர். ஆர்டர் குறைந்ததால் அந்தப் பிரிவில் ஆட்குறைப்பு நடந்தது. அவரும் வெளியே வந்தார். ஐந்து மாதங்கள் கழித்து வேறொரு நிறுவனத்தில் விண்ணப்பித்தபோது, பழைய இடத்திலேயே இன்னும் வேலை செய்வதாக எழுதிக் கொடுத்தார். வேலையும் கிடைத்தது. இரண்டு மாதத்தில் வருங்கால வைப்பு நிதிக் கணக்கைப் புதிய இடத்துக்கு மாற்றும்போது, பணியிலிருந்து நீங்கிய நாள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. பொய்யான தகவல் கொடுத்தார் என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். முதல் வேலை போனதற்கு அவர் பொறுப்பல்லர். இரண்டாவது வேலை போனதற்கோ அவர் எழுதிய பொய்யே பொறுப்பாயிற்று.

"ஏன் தம்பி அப்படிச் செய்தாய்?" என்று கேட்டோம். "ஆட்குறைப்பு என்று சொன்னால், இவனுக்கு வேலை தெரியாது, அதனால்தான் அனுப்பிவிட்டார்கள் என்று நினைப்பார்களே, ஐயா" என்றார். சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நம்மைப் பற்றி ஏற்கெனவே அப்படித்தானே நினைக்கிறார்கள்" என்றார்.

அந்த இரண்டாவது சொல்தான் எங்கள் நெஞ்சில் தைத்தது. வேலை இழப்பை மறைக்க அவர் எங்கும் சென்று கற்கவில்லை. பள்ளியில் தெருவின் பெயரை மறைத்தோம். நகரத்தில் வாடகைக்கு வீடு தேடும்போது குலத்தை மறைத்தோம். உடன் உண்ணும் நண்பனிடம் தந்தையின் தொழிலை மறைத்தோம். மறைப்பது நம் சமுதாயத்தின் மீது சுமத்தப்பட்ட பழைய பழக்கம். அந்தப் பட்டியலில் வேலை இழப்பையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறார்கள் நம் பிள்ளைகள். சேர்க்க வேண்டியதில்லை என்பதே இன்று நாங்கள் சொல்ல வந்த செய்தி.

மறைத்து வாழ்வதன் துன்பத்தை அண்ணல் அம்பேத்கரைவிட அறிந்தவர் யார்? அமெரிக்காவிலும் இலண்டனிலும் படித்துவிட்டு, 1917-ஆம் ஆண்டில் பரோடா அரசின் பணியில் சேரச் சென்றார் அவர். தங்குவதற்கு இடம் தருவார் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். சில நாட்களில் உண்மை தெரிந்தது. கையில் தடிகளுடன் வந்தவர்கள் அவரை வெளியேறச் சொன்னார்கள். தங்க இடமின்றி, ஒரு பூங்காவில் மரத்தடியில் அமர்ந்து கண்ணீர் விட்டு, பணியையும் விட்டுப் பம்பாய் திரும்பினார். நம் தலைவரும் பணியை இழந்து ஊர் திரும்பியவரே! மறு ஆண்டு, 1918-இல், பம்பாயின் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கும் ஆசிரியர்களுக்கான பொதுக் குடிநீர்ப் பானையை அவர் தொடுவதற்கு எதிர்ப்பு எழுந்தது. ஆனாலும் பாடம் நடத்தினார். வெளி மாணவர்களும் வந்து கேட்கும் அளவுக்கு நடத்தினார். பின்னாளில், பரோடாவில் தாம் பெயரை மறைத்துத் தங்கியதையும் மறைக்காமல் தம் கையாலேயே எழுதி வைத்தார். நமக்கு அது வழிகாட்டுகிறது.

இனி, நம் பக்கத்து ஆலைகளையே பார்ப்போம். தவளக்குப்பம் வழியாகக் கடலூர் சாலையைப் பிடித்துப் புதுவைக்குச் செல்பவர் எவரும் முதலியார்பேட்டை ஆலைகளின் நெடுஞ்சுவர்களைக் காணாமல் செல்ல முடியாது. வயலில் அடிமைபோல் உழைத்த குடும்பங்கள் பல, முதன்முதலாக மாதச் சம்பளத்தைக் கண்டது புதுவைப் பஞ்சாலைகளின் வாசலில்தான். 1936-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக் குண்டுகளுக்குப் பன்னிரண்டு தொழிலாளர்கள் இரையானார்கள். வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் பயனாக மறு ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று.

ரோடியர் மில் என்று நம் பாட்டனார்கள் அழைத்த ஏ.எஃப்.டி. ஆலை, 1898-இல் தோன்றியது. 1980-களில் மூடப்பட்டு, பின்னர் புதுவை அரசால் ஏற்று நடத்தப்பட்டது. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் கரையைக் கடந்த தானே புயல் ஆலையைச் சிதைத்தது. நட்டமும் சேர்ந்துகொள்ள, 2013 முதல் தொழிலாளர்கள் லே-ஆஃபில் வைக்கப்பட்டார்கள். பாதிச் சம்பளம், பெயர் பதிவேட்டில் உண்டு, கையில் வேலை இல்லை. 2020 ஏப்ரல் 30-ஆம் நாளோடு ஆலை முறைப்படி மூடப்பட்டது. ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக வேலை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத நிலையில் குடும்பங்கள் வாழ்ந்தன. புயல் அடித்தது நெசவுப் பிரிவுத் தொழிலாளியின் குற்றமா? பஞ்சு விலை ஏறியது நூற்புப் பிரிவுத் தொழிலாளியின் குற்றமா? ஒருவரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஆயினும், அந்தத் தொழிலாளி வேறிடத்தில் வேலை கேட்கும்போது குற்றவாளிபோல் குரல் தாழ்ந்து நின்றார். ஏன்? தம் நிலையைச் சொல்லச் சரியான சொல் அவரிடம் இல்லாததே காரணம்.

ஆகவே, முதலில் சொற்களைப் பிரித்தறிவோம். நம் பேச்சில் "வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள்" என்ற ஒரே தொடருக்குள் நான்கைந்து நிலைகளை அடைத்துவிடுகிறோம். ஒழுங்கீனம் கண்டு விசாரித்து அனுப்புவது பணிநீக்கம். வேலை கொடுக்க இயலாமல், பெயரைப் பதிவேட்டில் வைத்துக்கொண்டே சில காலம் நிறுத்தி வைப்பது லே-ஆஃப். தேவைக்கு மேல் ஆள் இருப்பதாகச் சொல்லிச் சிலரைக் கணக்குத் தீர்த்து அனுப்புவது ஆட்குறைப்பு. ஆலையையே நிறுத்திவிடுவது மூடல். பணம் கொடுத்துத் தாமாக விலகச் செய்வது விருப்ப ஓய்வு. இவற்றுள் முதலாவது ஒன்றில்தான் தொழிலாளியின் நடத்தை பேசப்படுகிறது. மற்ற நான்கிலும் நிறுவனத்தின் நிலையே பேசப்படுகிறது. தன் நிலை எது என்று அறியாதவர், லே-ஆஃபில் இருந்துகொண்டே "டிஸ்மிஸ் ஆகிவிட்டேன்" என்று வாய் தவறிச் சொல்லித் தம் தலையில் தாமே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறார்.

விருப்ப ஓய்வு என்ற சொல்லும் சிக்கலானது. திருப்பெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை, 2014 நவம்பர் 1-ஆம் நாள் நின்றுபோயிற்று. வரி வழக்கில் ஆலைச் சொத்து முடக்கப்பட்டதால், நிறுவனத்தின் கைப்பேசித் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்ட்டின் கைக்கு அந்த ஆலை செல்லவில்லை. உற்பத்திக்கான வேலையும் வற்றியது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் வெளியேறினர். அவர்களில் மிகுதியானோர் இருபதுகளில் இருந்த இளைஞர்களும் இளம் பெண்களுமே. இருபத்தைந்து வயதில் ஓய்வா என்று கேட்பவர்க்குச் சிரிப்பு வரலாம். "விருப்பப்பட்டு ஏன் வந்தாய்?" என்று தேர்வாளர் கேட்பார். அங்கே, "ஆலை மூடப்படும் நிலையில் எல்லாத் தொழிலாளர்க்கும் அந்த ஏற்பாடு அளிக்கப்பட்டது, நானும் ஏற்றேன்" என்று முழுமையாகச் சொல்ல வேண்டும். "வி.ஆர்.எஸ். வாங்கிவிட்டேன்" என்று மட்டும் சொன்னால் அரைச் சொல்; அரைச் சொல் ஐயத்தை வளர்க்கும்.

அடுத்து, கேள்வி கேட்பவரின் மனத்தை அறிந்துகொள்ள வேண்டும். அவர் பகைவர் என்று எண்ணிக்கொண்டு உள்ளே போகாதீர்கள். அவருக்கும் ஓர் அச்சம் இருக்கிறது. "நல்ல ஆளாக இருந்தால் பழைய இடத்தில் விட்டிருப்பார்களா?" என்பதே அது. அமெரிக்கப் பொருளியல் அறிஞர்களான ராபர்ட் கிப்பன்ஸ், லாரன்ஸ் கட்ஸ் ஆகிய இருவரும் இதனை ஆராய்ந்து 1991-இல் வெளியிட்டார்கள். ஆலை முழுவதும் மூடப்பட்டதால் வேலை இழந்தவரைவிட, சிலரை மட்டும் பொறுக்கி அனுப்பியபோது வேலை இழந்தவர் அடுத்த வேலையில் குறைந்த சம்பளமே பெற்றார் என்றும், அலுவலகப் பணியாளரிடையே இது தெளிவாகத் தெரிந்தது என்றும் கண்டார்கள். முழு ஆலையும் மூடினால் எவரையும் தனியே குறை சொல்ல முடியாது. பொறுக்கி எடுத்தால் அந்த ஆள் மீது ஐயம் விழுகிறது. ஆகவே, ஆலை மூடப்பட்டிருந்தால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒரு பிரிவு மட்டும் மூடப்பட்டிருந்தால் பிரிவின் பெயரையும், எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். உண்மையே உங்கள் பக்கம் நின்று பேசும்.

"எல்லாரும் போகவில்லையே, உன்னை ஏன் எடுத்தார்கள்?" என்று மேலும் கேட்டால்? அப்போது சட்டத்தின் வரிசை முறையை நினைவில் கொள்ளுங்கள். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், ஆட்குறைப்பில் ஒரு பொது முறையை வகுத்தது. ஒரே வகைப் பணியில் கடைசியாகச் சேர்ந்தவரே சாதாரணமாக முதலில் அனுப்பப்பட வேண்டும் என்பது அந்த முறை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அதுவே முறை. நீங்கள் அந்தப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவராயின், "பணிமூப்பு வரிசையில் நான் இளையவன், ஐயா; அந்த முறைப்படி என் பெயர் வந்தது" என்று சொல்லலாம். இதில் திறமைக் குறைவு எங்கே இருக்கிறது?

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டுகிறோம். கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும் என்றால், கடைசியாக வந்தவர் யார்? பெரும்பாலும் நாம்தாம்! பம்பாய்ப் பஞ்சாலைகளில் அதிகக் கூலி கிடைத்த நெசவுப் பிரிவில் தீண்டத்தகாதோர் எனப்பட்டோரைச் சேர்ப்பதில்லை. அறுந்த நூலை வாயால் உறிஞ்சி எடுக்க வேண்டியிருந்ததால், தீட்டுப் படும் என்று மற்றத் தொழிலாளர்கள் மறுத்தார்கள். 1928-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இந்த அநீதியை எடுத்துக்காட்டினார். வாசலில் நம்மைத் தலைமுறை தலைமுறையாக நிறுத்தி வைத்தார்கள். கடைசியில் உள்ளே விட்டார்கள். ஆட்குறைப்பு வந்ததும், கடைசியாக வந்தவர் என்று நம்மையே முதலில் வெளியே அனுப்பினார்கள். தொழிலாளர் அனைவர்க்கும் பாதுகாப்பாக வந்த நல்ல விதிதான் அது. ஆனால் நம் வரலாற்றின் மீது விழும்போது அதன் நிழல் நீண்டு விழுகிறது. தனி ஒரு பிள்ளையின் தோல்வி என்று வீட்டில் ஏசுகிறோமே, அதற்குப் பின்னால் இவ்வளவு நீண்ட கதை இருக்கிறது.

கோலார் தங்கவயலை எண்ணிப் பாருங்கள். வடஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து சென்ற நம் மக்கள் நூறாண்டுகளுக்கு மேல் அங்கே நிலத்தின் அடியில் உழைத்தார்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் நாளோடு சுரங்கம் மூடப்பட்டது. மேலே வந்த தொழிலாளியைப் பார்த்து, "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டபோது, "சுரங்க வேலை தெரியும்" என்று மட்டுமே சொன்னால் கேட்டவர்க்குப் பயன் என்ன? கூரை இடியாமல் முட்டுக் கொடுப்பது, வெடிமருந்தை அளந்து கையாள்வது, ஆட்களை ஏற்றி இறக்கும் எந்திரத்தை இயக்குவது, தண்ணீரை இறைத்து வெளியேற்றுவது, ஆபத்தில் குழுவாக நின்று ஒருவரை ஒருவர் காப்பது என்று பிரித்துச் சொல்லியிருந்தால் அத்தனையும் வேறு தொழில்களுக்கு வேண்டிய திறமைகள் அல்லவா? வேலை போனாலும் கைத்திறன் கூடவே வருகிறது. அதைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிய வேண்டும்.

ஆகவே விடை மூன்று பகுதிகளாக அமையட்டும். என்ன நடந்தது என்பது ஒரு வாக்கியம். அங்கே என்ன கற்றோம் என்பது மூன்று வாக்கியங்கள். இந்த வேலைக்கு ஏன் வந்தோம் என்பது ஒரு வாக்கியம். சங்கத்தின் படிப்பகத்தில் தம்பிமார்களுக்கு நாங்கள் பழக்கிவிடும் விடை இவ்வாறு இருக்கும்:

"ஐயா, ஆர்டர் குறைந்ததால் எங்கள் பிரிவில் ஒரு ஷிப்டை நிறுத்தினார்கள், அந்த ஷிப்டில் இருந்தவர்களோடு நானும் வெளியே வந்தேன். மூன்றாண்டுகள் லேத் எந்திரத்தில் வேலை பார்த்திருக்கிறேன். வரைபடம் பார்த்துத் தனியாகவே செய்வேன். புதிதாக வந்தவர்களுக்கும் கற்றுக் கொடுத்திருக்கிறேன். உங்களிடத்தில் அதே எந்திரத்துக்கு ஆள் தேவை என்று அறிந்து வந்தேன்."

இவ்வளவே போதும். சொல்லி முடித்ததும் நிறுத்திவிட வேண்டும். அழ வேண்டாம், பழைய முதலாளியைத் திட்ட வேண்டாம். உங்களுக்கு அநீதி நடந்திருந்தால் அதைத் தொழிலாளர் துறையில் சமரச அதிகாரி முன் எழுத்து மூலம் சொல்லுங்கள். சங்கம் துணை வரும். நேர்முகத் தேர்வு அதற்குரிய இடம் அன்று.

ஒப்பந்தத் தொழிலாளராக இருந்தோர்க்கு ஒரு தனிச் சொல். நம் பிள்ளைகளில் பலர் பெரிய ஆலையின் உள்ளே வேலை செய்கிறார்கள்; ஆனால் வைப்பு நிதிக் கணக்கில் ஒப்பந்ததாரரின் பெயரே இருக்கிறது. ஆலையின் பெயரை மட்டும் எழுதினால் பதிவேட்டோடு பொருந்தாமல் போகும். "இன்ன ஒப்பந்ததாரர் மூலம் இன்ன ஆலையில் வேலை செய்தேன்" என்று இரண்டையும் எழுதுங்கள். ஒப்பந்தம் முடிந்ததால் வேலை முடிந்தது என்பதும் நேர்மையான விடையே.

இடைவெளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆஸ்திரியாவில், வியன்னாவுக்கு அருகில், மரியன்தால் என்ற ஆலைச் சிற்றூர் உண்டு. நம் முதலியார்பேட்டையைப் போலவே துணி ஆலையை நம்பி வாழ்ந்த ஊர். 1929-30-இல் ஆலை மூடப்பட்டது. மரீ யஹோடா, பவுல் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அங்கே ஆராய்ந்து 1933-இல் நூல் வெளியிட்டார்கள். அவர்கள் கண்டது வியப்பானது. கையில் நேரம் பெருகியது. நூலகக் கட்டணமும் நீக்கப்பட்டது. ஆனால் நூல் எடுத்துப் படிப்பது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். நேற்று என்ன செய்தோம் என்று சொல்லவும் அவர்களால் இயலவில்லை. வேலை இழப்பு முதலில் பணத்தைப் பறிக்கிறது. பிறகு நாளின் ஒழுங்கைப் பறிக்கிறது.

"இந்த எட்டு மாதம் என்ன செய்தாய்?" என்று தேர்வாளர் கேட்கும்போது விடை இருக்க வேண்டும் என்றால், அந்த எட்டு மாதத்தில் ஏதேனும் நடந்திருக்க வேண்டும். குறுகிய காலப் பயிற்சி ஒன்றில் சேருங்கள். மாலையில் நம் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் செய்ததை எழுதுங்கள். கட்டட வேலைக்கோ வண்ணம் பூசவோ போனீர்களா? அதையும் சொல்லுங்கள். "வீட்டுக்குச் சுமையாக இராமல் கட்டட வேலைக்குச் சென்றேன், ஐயா" என்று ஒரு பட்டதாரி நிமிர்ந்து சொன்னால், நல்ல மனம் படைத்த முதலாளி அவரை மதிப்பார். உழைப்பை மறைப்பவன் தன் தாய் தந்தையரையே மறைக்கிறான்.

இப்போது மிகவும் கடினமான இடத்துக்கு வருகிறோம். எல்லாம் சரியாகச் சொன்ன பிறகு, "எந்த ஊர்? அபிஷேகப்பாக்கமா? ஊரா, காலனியா?" என்று கேட்பார் ஒருவர். இது கற்பனையான அச்சம் என்று எவரும் சொல்லிவிட முடியாது. சுகதேவ் தோரட், பால் அட்டிவெல் ஆகிய அறிஞர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், தனியார் நிறுவனங்களின் விளம்பரங்களுக்கு ஒரே தகுதி உடைய விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயர் தாங்கிய விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயர் தாங்கியதைப்போல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகவே இருந்தது. அதே ஆண்டில் சுரீந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் ஆகியோர் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், ஆள் எடுக்கும் அதிகாரிகள் திறமையைப் பற்றியே பேசினார்கள். ஆனால் குடும்பப் பின்னணியைக் கேட்பதை இன்றியமையாததாகக் கருதினார்கள். ஆக, வேலை இழந்த நம் பிள்ளை இரண்டு ஐயங்களை ஒருசேரச் சுமந்துகொண்டு அந்த நாற்காலியில் அமர்கிறான்.

அந்தக் கேள்விக்கு என்ன சொல்வது? பொய் சொல்ல வேண்டாம். கூனிக் குறுகவும் வேண்டாம். "அபிஷேகப்பாக்கம், ஐயா" என்று சொல்லி நிறுத்துங்கள். மீண்டும் கேட்டால், "என் பணியைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்கிறேன், ஐயா" என்று பணிவோடு சொல்லுங்கள். மறைப்பது வேறு, கேட்க உரிமை இல்லாதவர்க்குக் கணக்குக் கொடுக்காதிருப்பது வேறு. எங்கே வேலை செய்தாய், எப்போது நீங்கினாய், ஏன் நீங்கினாய் என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. அவற்றில் ஒரு நாளைக்கூடக் கூட்டிக் குறைக்க வேண்டாம். எந்தத் தெரு என்று கேட்க அவருக்கு உரிமை இல்லை. இப்படிச் சொன்னால் அந்த வேலை கிடைக்காமல் போகலாம். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாசலை விட்டு வரும்போது நீங்கள் இழந்தது ஒரு வேலை மட்டுமாகவே இருக்கும்.

இவ்வளவுக்கும் அடிப்படை காகிதம். தம்பிமார்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். ஆட்குறைப்பு நடக்கும் நாளில், "ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு, உனக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது" என்று சில இடங்களில் சொல்வார்கள். அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். ஓராண்டு தொடர்ந்து பணி செய்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்தால், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ கொடுக்க வேண்டும். நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகக் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். ராஜினாமா எழுதிவிட்டால் அந்த இழப்பீட்டைக் கேட்க வழி அடைபடும். அதோடு, அடுத்த இடத்தில், "நீயாகத்தானே விட்டு வந்தாய், ஏன்?" என்ற கேள்விக்கும் ஆளாவீர்கள். பணிச் சான்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஆட்குறைப்பு ஆணை, வைப்பு நிதி எண், இ.எஸ்.ஐ. எண் ஆகியவற்றைக் கேட்டு வாங்கி, ஒரு படி சங்கத்திலும் கொடுத்து வையுங்கள். தானே புயலில் ஓலைக் கூரையோடு சான்றிதழ்களையும் இழந்து நின்ற குடும்பங்களை நாம் மறந்துவிடவில்லை.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவையும் புதுப்பித்து வாருங்கள். இந்தியாவில் அந்த அலுவலகங்கள் தோன்றிய 1945-ஆம் ஆண்டில், வைசிராயின் அவையில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தவர் அண்ணல் அம்பேத்கர் என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

இறுதியாகப் பெற்றோர்க்கும் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை வேலை இழந்து வரும்போது, "துரத்திவிட்டார்களா?" என்று கேட்காதீர்கள். "கணக்கு எல்லாம் சரியாகக் கொடுத்தார்களா? சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். திருமணப் பேச்சு நடக்கும் வீட்டில், பிள்ளை இன்னும் வேலையில் இருப்பதாகச் சொல்லி வைக்காதீர்கள். வீட்டில் பொய் சொல்லப் பழகிய நாக்கு, நேர்முகத் தேர்வில் உண்மையைத் தடுமாறாமல் சொல்லாது. சங்கத்தின் சார்பில் நாங்களும் ஓர் உறுதி கூறுகிறோம். ஞாயிறுதோறும் மாலையில் படிப்பகத்தில் இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே போடப்படும். ஒன்றில் பணி அனுபவம் உள்ள மூத்தவர் ஒருவர் அமர்ந்து கேள்வி கேட்பார். மற்றதில் வேலை தேடும் தம்பியோ தங்கையோ அமர்ந்து விடை சொல்லட்டும். குரல் நடுங்காத வரையில் பத்து முறை சொல்லிப் பார்க்கட்டும். முன்பு சொன்ன அந்தத் தம்பியும் அப்படிப் பழகியவரே. உண்மையை எழுதிக் கொடுத்த நான்காவது இடத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. முதல் மூன்று இடங்களிலும் கிடைக்கவில்லை என்பதையும் உங்களுக்கு மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். இன்று ஞாயிறு மாலைகளில் கேள்வி கேட்கும் நாற்காலியில் அவரே பல முறை அமர்கிறார்.

கால் நூற்றாண்டுக்கு முன் இச்சங்கத்தைத் தொடங்கிய பெரியோர்கள், நம் பிள்ளைகள் படித்து வேலைக்குச் செல்ல வேண்டும் என்று கனவு கண்டார்கள். அந்த வேலை போனால் மறு வேலைக்கு அவர்களை நிமிர்ந்து அனுப்புவது வரும் காலத்தில் நம் கடமையாகட்டும்.